ஒரு நயா பைசா பாக்கியில்லை!

‘‘உனக்கு நான் ஒரு நயா பைசா பாக்கியில்லை... போய்யா!’’

அண்ணன் தம்பி சொத்துச் சண்டை, சீட்டுப் பணத் தகராறு, அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டு ஓனர்... எங்கே பணத்துக்காகக் குரல் உயர்ந்தாலும் கடைசியில் இந்த வசனம் வந்துவிடும். சொல்கிறவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. நயா பைசா என்று அச்சடித்த நாணயத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். 1964 ஜூன் 1-ம் தேதியே அந்த ‘நயா’வை அரசாங்கம் கழற்றிப் போட்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணமாகப் பேசும்போது நாம் யாரும் ‘நயா’ போடுவதில்லை. ‘பால் பாக்கெட் விலை ஐம்பது பைசா கூடியிருக்கு’ என்போமே தவிர, ஐம்பது நயா பைசா என்று சொல்ல மாட்டோம். ‘என் கணக்கு துல்லியம், சந்தேகமே வேண்டாம்’ என்று அடித்துச் சொல்கிற இடத்தில் மட்டும்தான் அந்த ரெண்டெழுத்து வந்து ஒட்டிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அது பிறந்ததே துல்லியத்துக்காகத்தான்!

1957-க்கு முந்தைய கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் மிச்சக் கதை புரியும். அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. மூன்று தம்பிடி சேர்ந்தால் காலணா. ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. இன்றைக்குக் கேட்டால் தலை சுற்றும். ஆனால், அன்றைக்குப் பள்ளிக்கூடமே போகாத கீரைக்காரம்மாகூட இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார். எப்படி?

ரகசியம் ரொம்ப எளிது. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி... அவ்வளவுதான். அரை ரூபாய் எட்டணா. கால் ரூபாய் நாலணா. அரைக்கால் ரூபாய் ரெண்டணா. வீசம், அதாவது பதினாறில் ஒன்று, ஓரணா. தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த பின்னங்களின் பெயர்களே இதற்குப் போதும். ஒரு வாழைப்பழத்தையோ வெல்லக் கட்டியையோ பங்கு போடும்போது யாராவது பத்தாக வெட்டுவார்களா? பாதியாக்குவோம், அதைப் பாதியாக்குவோம். கைக்கும் கண்ணுக்கும் எளிதான கணக்கு அது.

பேப்பரில் எழுதும்போதுதான் வம்பு. 3 ரூபாய் 7 அணா 9 தம்பிடி விலையுள்ள பொருள் 23 வேண்டும், மொத்தம் எவ்வளவு? தம்பிடியைப் பெருக்கி 12-ஆல் வகுத்து, மீதியை எழுதி, அணாவைப் பெருக்கி, வந்ததைக் கூட்டி, 16-ஆல் வகுத்து... குமாஸ்தாக்களின் பாதி ஆயுள் இதிலேயே போயிருக்கும். கூட்டல், பெருக்கல் எல்லாம் புள்ளியை நகர்த்துகிற வேலையாக மாறினால் எவ்வளவு நிம்மதி!

அதனால்தான் தசம நாணய யோசனை வந்தது. 1946-லேயே இதற்காக ஒரு மசோதா வந்து, நிறைவேறாமல் போனது. சுதந்திர இந்தியாவில், 1955-ல் பழைய நாணயச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்று அமலுக்கு வந்தது. முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தார்கள் என்று கிண்டல் செய்ய வேண்டாம். நிதியாண்டின் முதல் நாள் அது!

இங்கேதான் பெயர்ப் பிரச்னை முளைத்தது.

‘பைசா’ என்ற பெயர் புதிதல்ல. ரூபாயில் 64-ல் ஒரு பங்குக்கு, நம் ஊர்க் காலணாவுக்கு, வடக்கே அதுதான் பெயர். இப்போது நூறில் ஒரு பங்குக்கும் அதே பெயர். பழைய நாணயங்களும் உடனே மறையவில்லை; புதியதும் பழையதும் ஒரே சுருக்குப் பையில் கிடந்தன. ‘ஒரு பைசா கொடு’ என்றால் எந்தப் பைசா? பழைய பைசாவுக்கு, புதுக் கணக்கில் ஒன்றரைக்கும் மேலே மதிப்பு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. வியாபாரத்தில் இதைவிட ஆபத்து வேறென்ன இருக்கிறது?

அதற்காகத்தான் புதிய பைசாவுக்கு ‘நயா’ என்று ஒரு அடையாளச் சீட்டு ஒட்டினார்கள். நயா என்றால் இந்தியில் புதிய. அதிலும் திருப்தி வராமல், நாணயத்தின் மேலேயே இந்தியில் விளக்கம் வேறு பொறித்தார்கள். ஒரு நயா பைசாவில் ‘ரூபாயில் நூறில் ஒரு பாகம்’. ஐந்தில் ‘இருபதில் ஒரு பாகம்’. பத்தில் ‘பத்தில் ஒரு பாகம்’. உள்ளங்கையில் ஒரு கணக்கு வாத்தியார்! இந்தி படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அவர்களுக்காக, இரண்டு பைசாவின் விளிம்பு பூப்போல வளைந்து வளைந்தும், ஐந்து பைசா சதுரமாகவும் இருந்தது. எழுத்தைவிட அந்த வடிவம்தான் நிறையப் பேருக்கு உதவியிருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் ‘நயா’ ஒட்டினால் மட்டும் போதுமா? பழைய காசைப் புதுக் காசாக மாற்ற வேண்டாமா? நூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஓரணாவுக்கு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது?

சட்டம் அதற்கும் ஒரு வழி சொன்னது. பழைய காசு கொடுத்தால், கிட்டத்தில் இருக்கிற முழுப் பைசாவுக்கு மாற்ற வேண்டும். சரிபாதியில் நின்றால் கீழே இறக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகப் போடக் கூடாது. ஒரே பரிவர்த்தனையில் எத்தனை காசு கொடுக்கப்படுகிறதோ, அத்தனைக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். படித்தால் சாதாரணமாகத் தெரிகிறது. அந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமமே இருக்கிறது.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே கை சும்மா இருக்காது. போட்டுப் பார்ப்போம்.

ஓரணா 6.25. கிட்டத்து முழு எண் 6. ரெண்டணா 12.5. சரிபாதி, ஆகவே 12. மூணணா 18.75, அதாவது 19. நாலணா 25, ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சுத்தம். காலணா 1.5625. பாதியைத் தாண்டிவிட்டதால் 2!

இப்போது உங்களிடம் நான்கு காலணாக் காசுகள் இருக்கின்றன. நான்கையும் சேர்த்து நீட்டினால் ஓரணா. 6 நயா பைசாவுக்குச் சமம். ஒவ்வொன்றாக நாலு கடையில் கொடுத்தால்? நாலு ரெண்டு எட்டு! அதே செம்புக் காசு, அதே நாள், அதே தெரு. சேர்த்துக் கொடுத்தால் 6, பிரித்துக் கொடுத்தால் 8.

அடடா, ஏழைக்கு லாபமாச்சே என்று சந்தோஷப்படாதீர்கள். விலையையும் இதே கணக்கில் மாற்றினால் நிலைமை தலைகீழ். காலணாவுக்கு விற்ற ஒரு கட்டு கறிவேப்பிலை 2 நயா பைசா ஆகிவிடும். முன்பு ஒரு ரூபாயில் 64 கட்டு வாங்கியவர், இப்போது அதே 64 கட்டுக்கு 1 ரூபாய் 28 பைசா கொடுக்க வேண்டும். நூற்றுக்கு 28 ஏற்றம்! அதே சமயம், ஓரணாப் பொருளை 6 நயா பைசாவுக்கு வாங்குகிறவருக்கு ரூபாய்க்கு நாலு பைசா மிச்சம். மொத்தமாக ஐம்பது ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை; அவருக்கு எந்த ஊர்க் கணக்கிலும் ரூபாய் ரூபாய்தான். சில்லறையிலேயே பிழைக்கிறவர்களின் தலையில்தான் அந்தப் புள்ளிக்குப் பிந்தைய எண்கள் வந்து விடிந்தன. துல்லியம் என்பது யாருக்கோ ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கறிவேப்பிலைக் கட்டைத்தான் காட்ட வேண்டும்.

சரி, சட்டம் இப்படி. ஜனங்களின் நாக்கு என்ன செய்தது?

பேச்சுமொழி சோம்பேறி, அதற்குத் துல்லியம் பிடிக்காது என்று சொல்கிற பண்டிதர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அணாவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அணா நாணயம் செத்துப்போனது. ஆனால், ‘நாலணா’, ‘எட்டணா’ சாகவில்லை. இருபத்தைந்து பைசாவுக்கு நாலணா, ஐம்பது பைசாவுக்கு எட்டணா என்று அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் எழுபத்தைந்து பைசாவைப் பன்னிரண்டணா என்பார்கள். ‘ஓரணா’, ‘ரெண்டணா’, ‘மூணணா’, ‘அஞ்சணா’? அவை எல்லாம் சந்தடியில்லாமல் கடைத்தெருவிலிருந்து காணாமல் போயின. இந்தியிலும் இதே கதைதான். நாலணாவைக் குறிக்கும் சவன்னியும் எட்டணாவைக் குறிக்கும் அடன்னியும் பிழைத்தன. இரண்டணா துவன்னி போய்விட்டது.

தற்செயலா? மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 4 அணா = 25. 8 அணா = 50. 12 அணா = 75. பதினாறு அணாப் படிகளில், முழு ரூபாய்க்கு முன்னால், மிச்சம் மீதி இல்லாமல் புதுக் கணக்கில் வந்து உட்காருபவை இந்த மூன்றே மூன்றுதான்! மற்ற எல்லாவற்றுக்கும் வால் தொங்குகிறது. எந்தெந்த அணாவைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லையோ, அந்த அணாவை மட்டும் ஜனங்கள் வைத்துக்கொண்டார்கள். இதற்கு எந்தக் கமிட்டியும் போடவில்லை, சர்க்குலரும் வரவில்லை. கடையில், பஸ்ஸில், சந்தையில் கோடிக்கணக்கான வாய்கள் தாங்களாகவே செய்த தேர்வு இது. சொல்லுக்கு எளிதாக இருக்க வேண்டும், கணக்கும் உதைக்கக் கூடாது. இரண்டும் கூடிவந்த சொற்கள் பிழைத்தன.

கூடிவராத சொற்களையும் வீணாக்கவில்லை நம்மவர்கள். ‘தம்பிடி பிரயோஜனமில்லை’, ‘காலணாவுக்குப் பெறாதவன்’, ‘சல்லிக்காசு தேறாது’ என்று ஒன்றுமில்லாததற்கு ஒரு பட்டம் சூட்டிவிட்டார்கள். டச்சுக்காரர்களின் செப்புக் காசிலிருந்து வந்த ‘துட்டு’ இன்னும் ஒரு படி மேலே போய், மொத்தப் பணத்துக்கும் பெயராகிவிட்டது. நாலணாவுக்கு அரசியல் பெருமையும் உண்டு. 1920-ல் காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு நாலணா. ‘நான் காங்கிரஸில் நாலணா மெம்பர்கூட இல்லை’ என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

ஏழு வருடம் கழித்து, குழப்பம் தீர்ந்துவிட்டது என்று அரசாங்கம் நினைத்தது. ‘நயா’ போனது. வெறும் பைசா ஆனது. அடுத்த ஏழே மாதத்தில், 1965 ஜனவரியில், தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தீயாகப் பற்றியது. அந்தத் தமிழ்நாட்டில், டெல்லியே வேண்டாமென்று விட்ட ஒரு இந்தி உரிச்சொல் இன்னமும் வாய்தோறும் குடியிருக்கிறது. நாக்குக்கு அரசியல் தெரியாதா, அல்லது உபயோகமான சொல்லை விட மனசு வரவில்லையா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிட்டத்தில் இருக்கிற இலங்கையில் இந்த அவஸ்தையே இல்லை. 1872-லேயே, நமக்கு 85 வருடம் முன்னால், அங்கே ரூபாய்க்கு நூறு சென்ட் என்று ஆக்கிவிட்டார்கள். தமிழில் அதற்குப் பெயர் சதம். பழைய காசு எதற்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை. எனவே ‘புதிய சதம்’ என்று சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. புதுப் பொருளுக்குப் புதுச் சொல். ஆரம்பத்தில் வாயில் நுழையச் சிரமப்பட்டிருக்கலாம். ஆனால், சந்தேகத்துக்கு இடமில்லை. நாம் பழகிய சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு அடைமொழி போட்டோம். பழகிய சொல் எளிது. ஆனால், அது தன் பழைய பொருளையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

நம்மைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள் வெளியிலும் உண்டு. பிரான்ஸில் 1960 ஜனவரி 1 முதல் நூறு பழைய பிராங்க் சேர்ந்து ஒரு ‘புதிய பிராங்க்’. மூன்றே வருடத்தில், 1963-ல், ‘புதிய’வை எடுத்துவிட்டார்கள். ஆனால், வீட்டு விலை, கார் விலை என்று பெரிய தொகை வந்துவிட்டால் அங்கத்திய முதியவர்கள் பல பத்தாண்டுகள் பழைய பிராங்கிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் மனசுக்குள் இரண்டு சைபரை அடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

பிரிட்டன் கதை நம் கதையின் கார்பன் காப்பி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், 240 பென்னி என்றிருந்ததை 1971 பிப்ரவரி 15 அன்று நூறு பென்னியாக்கினார்கள். பெயர் அதே பென்னி, மதிப்பு வேறு. ஆகவே ‘நியூ பென்னி’. நாணயத்தில் ‘நியூ பென்ஸ்’ என்று 1981 வரை அச்சாகி, 1982-ல்தான் அந்த ‘நியூ’ போனது. நாக்கு அவ்வளவு நாள் காத்திருக்குமா? எழுத்தில் சுருக்கமாகப் போட்ட ‘பி’யையே சொல்லாக்கிக்கொண்டது. ஃபைவ் பி, டென் பி... புதியதும் இல்லை, பென்னியும் இல்லை, குழப்பமும் இல்லை. பழைய பென்னிக்குச் சுருக்க எழுத்து ‘டி’ என்பதால், ‘பி’ என்றாலே புதுசுதான். ஒற்றை எழுத்தில் துல்லியமும் வந்துவிட்டது, எளிமையும் வந்துவிட்டது. ஷில்லிங் நாணயம் சரியாக 5 பி என்பதால், அது பல வருடம் பையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நம் நாலணா விதி லண்டனிலும் செல்லும் போலிருக்கிறது!

காசோடு நிற்கவில்லை இந்த விதி. 1958 முதல் எடைகளும் மெட்ரிக் ஆகத் தொடங்கின. நம் ஊர் வீசை கிட்டத்தட்ட 1.4 கிலோ. கிலோவோடு எந்த விதத்திலும் ஒட்டாத எடை. போயே போச்சு. ஆனால், நகைக்கடையில் பவுன் இன்னும் ராஜாவாக இருக்கிறது. ஏன்? பவுன் என்பது இங்கிலீஷ்காரனின் சவரன் தங்கக் காசு. அதன் எடை 7.988 கிராம். நம் வியாபாரிகள் அதைச் சத்தம் போடாமல் 8 கிராம் ஆக்கிவிட்டார்கள். நூறு பவுனுக்குக்கூட வித்தியாசம் 1.2 கிராம்தான். பெயர் பழையது, உள்ளே இருப்பது சுத்தமான மெட்ரிக். பெண் வீட்டாரிடம் ‘நானூறு கிராம் போடுவீங்களா?’ என்று கேட்டால் கல்யாணப் பேச்சு மாதிரியா இருக்கும்?

காய்கறிக் கடையிலும் பாருங்கள். தராசில் இருப்பது கிராம். வாயில் இருப்பது எண்சுவடி. ‘கால் கிலோ கத்திரிக்கா, அரைக் கிலோ தக்காளி, முக்கால் கிலோ வெங்காயம்.’ 250, 500, 750... மூன்றும் சுத்தமாக உட்காருகின்றன. அதற்கும் கீழே போனால் அரைக்கால் கிலோ, அதாவது 125 கிராம். அதை யாரும் கேட்பதில்லை. ‘நூறு கிராம் இஞ்சி’ என்று சட்டென்று கிராமுக்குத் தாவிவிடுகிறோம்!

நாலணாவின் ஆயுள் 2011 ஜூன் 30-ம் தேதியோடு முடிந்தது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று ஆனது அன்றைக்குத்தான். எட்டணா மட்டும் சட்டப்படி இன்னும் செல்லும். கொடுத்துப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

காசுதான் கையைவிட்டுப் போனதே தவிர, பைசா கணக்கைவிட்டுப் போகவில்லை. பெட்ரோல் விலையில் இருக்கிறது. வங்கி வட்டியில் இருக்கிறது. ஹோட்டல் பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற வரியில் தினமும் எட்டிப் பார்க்கிறது. 1957-ல் சரிபாதி வந்தால் கீழே இறக்கச் சொன்னது சட்டம். இப்போதைய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு வரித் தொகையை முழு ரூபாயாக்கச் சொல்கிறது. அதில் நாற்பத்தொன்பது பைசா வந்தால் தள்ளுபடி. எட்டணா வந்தால் முழுசாக ஒரு ரூபாய்.